அடுத்த ஆள் வரலாம்

இலக்கியச் சஞ்சிகையில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், மேடையேறாத நாடகத்துக்குக்கூட எழுதியிருக்கிறோம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு வீடு திரும்புகிறவன் உண்மையில் எதில் தன் நேரத்தைச் செலவிடுகிறான் என்பதைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. நாவல் வாசிக்கிறோம் என்று சொன்னால் அது பொய். எங்கள் கட்டிலருகில் கிடக்கும் புத்தகத்தின் எட்டாம் பக்கத்தில் ஒரு ரயில் ரிக்கற் ஒரு வருடமாக அடையாளத்துக்கு இருக்கிறது. எட்டாம் பக்கத்திலிருந்து அது நகரவில்லை.

நாங்கள் என்பது மூன்று பேர். லைப்சிக்கில் ஐசன்பான் தெருவுக்குப் பின்னால், பழைய கட்டிடம் ஒன்றின் நாலாம் மாடி. மூவருக்கும் றெஸ்ரோறன்ற் வேலை. ஒருவர் பீற்சா அடுப்பு, ஒருவர் சலாட் மேசை, ஒருவர் கோப்பை கழுவுகிறார். மூவரும் முப்பதுகளில். மூவரில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நிறுத்தியவர். எழுதுவது அவர் கை என்றாலும் விளையாடியது மூவரும்தான். வீட்டில் நாலாவது ஆள் ஒருவரும் உண்டு. அவர் இந்த 'நாங்கள்' என்பதற்குள் வரவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் விட்டுப்போன விளையாட்டை மீண்டும் கையில் எடுத்த கதை இது. எடுத்தபோது அது வேறொன்றாக மாறியிருந்தது.

எங்கள் தலைமுறைக்கு விளையாட்டுப் பெட்டி வந்ததே பிந்தித்தான். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர்களுடைய தம்பிமார் நாங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீட்டில் ரெலிவிஷன் ஒரு தளபாடம் மட்டுமே. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எங்களில் ஒருவருடைய வீட்டு ரி.வி. கிணற்றடியில் சாக்கால் மூடிக் கிடந்தது. திரும்பி வந்தபோது சாக்கு மட்டும் கிடந்தது.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. திறந்த வீதியால் உறவினர்கள் வந்தார்கள், சீமெந்து வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. அவற்றோடு கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும் மஞ்சள் கசெற்றும் வந்தன. முகமாலையில் ஒரு பக்கம் வரி, மறு பக்கம் சோதனை. இரண்டையும் தாண்டி வந்த அந்தப் பெட்டியை நாங்கள் 'ரி.வி. கேம்' என்றோம். ஜப்பானில் நின்ரெண்டோ கொம்பனி 1983 இல் விற்பனைக்கு விட்ட கருவியின் போலிப் பிரதி அது என்பதும், உலகத்தின் வறிய நகரங்களெல்லாம் அந்தப் போலியில்தான் விளையாடப் பழகின என்பதும் பின்னாளில் அறிந்தது. கசெற்றின் மேல் 9999 கேம் என்று எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் ஏழெட்டுத்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். 'பற்றில் சிற்றி' என்றொன்று. செங்கல் மதிலுக்குள் ஒரு கழுகு, அதைக் காக்க எங்களுடைய தாங்கி, மேலிருந்து இறங்கிவரும் எதிரித் தாங்கிகள். தெருவில் கவச வாகனம் போகும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே இருந்து தாங்கி ஓட்டினோம். இதில் ஏதோ முரண் இருக்கிறது என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அதற்கடுத்து நெற் கபே. மணித்தியாலக் கணக்கில் காசு. 'கவுன்ரர் ஸ்ட்ரைக்' விளையாட்டில் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தைத் தெரிய வேண்டும்: பயங்கரவாதியா, பயங்கரவாத எதிர்ப்புப் படையா? கொழும்பிலோ சென்னையிலோ அது ஒரு கேள்வியே அல்ல. எங்கள் ஊரில் அந்தத் திரையில் பத்து நிமிடம் சண்டை நடக்கும். றேடியோச் செய்தியில் அந்தச் சொல் யாரைக் குறித்தது என்பது பதினாலு வயதுப் பெடியனுக்கும் தெரியும். சிலர் அந்தப் பக்கத்துக்கு அடிபட்டுக்கொண்டு ஓடுவார்கள். சிலர் 'எனக்கு ரெண்டும் வேண்டாம்' என்று பின்னால் நின்று பார்ப்பார்கள். பின்னால் நின்றவர்களைப் பயந்தவர்கள் என்று பகிடி பண்ணினோம். இன்று அந்தப் பகிடிக்காக வெட்கப்படுகிறோம்.

2006 ஓகஸ்டில் வீதி மூடியது. ஊரடங்கு, வெள்ளை வான், சுவரொட்டியில் தெரிந்த முகங்கள். எம்மில் ஒருவர் அப்போது வன்னியில். 2009 க்குப் பிறகு எவருக்கும் திரையில் துவக்குப் பிடிக்க மனம் வரவில்லை. விட்டோம் என்று தீர்மானித்து விட்டதல்ல. சாப்பாட்டில் ஒரு கறி பிடிக்காமல் போவது போலப் போய்விட்டது.

இனி இந்த நகரத்தைப் பற்றிக் கொஞ்சம். எங்களுக்கு ஏ9 திறந்த அதே 2002 இல்தான் லைப்சிக் கண்காட்சித் திடலில் 'கேம்ஸ் கொன்வென்ஷன்' என்ற விளையாட்டுக் கண்காட்சி தொடங்கியது. 2008 வரை இங்கே நடந்தது. கடைசி ஆண்டில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். அடுத்த ஆண்டு அதே கூட்டம் கேல்ன் நகரத்துக்கு, வேறொரு பெயரில் போய்விட்டது. கிழக்கில் முளைத்தது மேற்கில் காய்த்தது என்று இங்கத்தைய ஆட்கள் இன்னமும் மனத்தாங்கலோடு சொல்வார்கள். பிறகு 2016 முதல் 2020 வரை 'டிறீம்ஹக்', 2023 இல் தொடங்கிய 'ககட்டஸ்' என்று வேறு விழாக்கள் அதே திடலுக்கு வந்தன. அப்படியான நாட்களில் எங்கள் றெஸ்ரோறன்றில் கழுத்தில் அட்டை தொங்கும் இளைஞர்கள் நிறைந்துவிடுவார்கள். பீற்சாவுக்குக் காத்திருக்கும்போதும் விரல்கள் ஆடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் குசினியில் அறுபதைத் தாண்டிய ஜேர்மன்காரர் ஒருவர் இருக்கிறார், இந்த ஊரிலேயே பிறந்தவர். கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் தொழிற்சங்க விடுமுறை இல்லமொன்றில் அவரும் விளையாடியிருக்கிறார். 'பொலி-பிளே' என்ற அலுமாரியளவு பெட்டி. கார்ல்-மார்க்ஸ்-ஸ்ராட், அதாவது இன்றைய கெம்னிற்ஸ், அங்கத்தைய அரச தொழிற்சாலை 1980களின் நடுப்பகுதியில் செய்தது. எட்டு விளையாட்டு, ஒரு ஆட்டத்துக்கு 50 பெனிக். அமெரிக்கச் சிறுவர் மஞ்சள் வட்டத்தைப் பேயிடமிருந்து ஓடவைத்தபோது, இங்கே சோவியத் கார்ட்டூனிலிருந்து வந்த முயல் ஓநாயிடமிருந்து ஓடியது. பேர்லினில் கார்ல்-மார்க்ஸ் வீதியில் கணினி விளையாட்டு அருங்காட்சியகத்தில் அந்தப் பெட்டி ஒன்று நிற்கிறது. ஒரு திங்கட்கிழமை, எங்கள் கடை பூட்டும் நாளில், அவர் சொல்லித்தான் போய்ப் பார்த்தோம். சுவருக்கு அப்பால் போக முடியாத நாட்டில் ஓடித் தப்பும் முயல்.

திரும்பி வந்த முதல் விளையாட்டு ஒரு பகிடி. பரிமாறும் வேலைக்கு வரும் மாணவன் ஒருவன் தன்னுடைய பிறந்தநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டான். போனால் 'ஓவர்குக்ட்' என்று ஒரு விளையாட்டை வைத்திருந்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு குசினி நடத்துவது! வெட்டு, அவி, கோப்பையில் போடு, அனுப்பு. நேரம் ஓடுகிறது. பன்னிரண்டு மணித்தியாலம் அதையே செய்துவிட்டு வந்த எங்களுக்கு அதைக் காட்டி, 'இது உங்களுக்குப் பிடிக்கும்' என்றான். அதில் எவருக்கும் நாரி நோகவில்லை, எவருடைய கையும் வெந்நீரில் ஊறி வெளுக்கவில்லை. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அனுப்பிய கோப்பை அழுக்காகித் திரும்பி வருகிறது. கழுவ ஆளில்லாவிட்டால் எவ்வளவு திறமான சமையல்காரனுக்கும் போட்டு அனுப்பக் கோப்பை கிடையாது. றெஸ்ரோறன்ற் பற்றிய எந்தச் சினிமாவிலும் இந்த உண்மையை நாங்கள் கண்டதில்லை. எங்கள் கோப்பை கழுவுகிறவர் அன்றிரவு முழுவதும் தலை நிமிர்ந்து நடந்தார்.

அந்த மாணவன்தான் மறுவாரம் எங்களில் ஒருவருடைய போனில் 'பேப்பர்ஸ், பிளீஸ்' என்பதை இறக்கித் தந்தான். லூக்காஸ் போப் என்ற ஒரே ஆள் வடிவமைத்து, வரைந்து, இசையும் போட்டு 2013 இல் வெளியிட்டது. போனுக்கு 2022 இல் வந்தது. இக்கட்டுரை உண்மையில் அதைப் பற்றியதுதான்.

1982 நவம்பர். ஆர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாடு. கிரெஸ்ரின் என்ற, இரண்டாகப் பிளந்த நகரம். நீங்கள் குலுக்கல் சீட்டில் வேலை கிடைத்த ஒரு குடிவரவு உத்தியோகத்தர். தொடக்கத்தில் துவக்கு இல்லை, ஓட்டமில்லை. ஒரு கூண்டு, ஒரு மேசை, இரண்டு முத்திரை: பச்சை, சிவப்பு. வெளியே பனியில் வரிசை. ஒலிபெருக்கியை அமத்தினால் அடுத்த ஆள் வருவார், கடதாசிகளை வைப்பார். பாஸ்போட் காலாவதியா, பெயர் ஒத்துப்போகிறதா, படத்திலுள்ள முகம் இந்த முகமா, நகரத்தின் பெயர் அந்த நாட்டில் உண்டா? ஒவ்வொரு நாளும் புது விதி வரும். நேற்று பாஸ்போட் போதும். இன்று அனுமதிச் சீட்டு வேண்டும், நாளை அடையாள அட்டை, நாளை மறுநாள் தடுப்பூசி அட்டை. ஒரு ஆளைச் சரியாகப் பார்த்து அனுப்பினால் ஐந்து காசு. பிழை விட்டால் முதல் இரண்டுக்கும் எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து தண்டம். மாலையில் கணக்கு: வாடகை, சாப்பாடு, வெப்பம், மருந்து. வீட்டில் மனைவி, மகன், மாமி, மாமா. காசு போதாவிட்டால் இன்றைக்கு வெப்பத்தை நிறுத்துவதா, சாப்பாட்டை நிறுத்துவதா?

நாங்கள் விளையாடியது டொச் மொழியில். ஒருவர் போனைப் பிடிப்பார், ஒருவர் விதிகளை உரத்து வாசிப்பார், ஒருவர் காசுக் கணக்கு. ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்லலாம்: விதிகள் எங்களுக்கு உடனே பிடிபட்டன. மாணவனுக்கு மூன்றாம் நாளில் தடுமாற்றம், எங்களுக்கு இல்லை. கடதாசி பார்ப்பது எங்களுக்குத் தாய்மொழி போல. வன்னியிலிருந்து வெளியேற இயக்கத்தின் பாஸ், அதற்குப் பின்னால் பிணை நிற்கும் ஆள். அதைத் தாண்டினால் வவுனியாவில் ஆமியின் பாஸ், அதில் எத்தனை வகை! கொழும்பில் லொட்ஜில் நின்றால் பொலிஸ் பதிவு. இரண்டு பக்கமும் எங்களிடம் கடதாசிதான் கேட்டது. ஒரு பக்கம் விடுதலை என்று சொல்லிக் கேட்டது, மறு பக்கம் பாதுகாப்பு என்று சொல்லிக் கேட்டது. இவற்றைப் பற்றி எங்கள் சஞ்சிகைகளில் எழுதப்பட்டவை மிகக் குறைவு, அதிலும் முதலாவதைப் பற்றி எழுதியவர்கள் பட்டபாட்டை வாசகர் அறிவர். ஒரு அமெரிக்கர் இருந்து செய்த விளையாட்டில் அந்த மேசையைக் கண்டபோது ஒருவித ஆறுதல் வந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஆனால் ஆறுதலைப் பற்றி எழுத நாங்கள் உட்காரவில்லை. ஐந்தாம் நாளில் ஒரு மனிதன் வருகிறான், கடதாசி எல்லாம் சரி. 'பின்னால் என் மனைவி வருகிறாள், தயவு காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். அடுத்து மனைவி. அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அன்று நாங்கள் பச்சை குத்தினோம். எச்சரிக்கைத் துண்டு ஒன்று சத்தத்தோடு வந்து விழுந்தது, பரவாயில்லை. இரண்டு பிழைக்கு இடமிருந்தது, ஒன்றைக் கருணைக்குச் செலவழித்தோம். மூவருக்கும் மனம் நிறைவாக இருந்தது. அன்று நல்ல மனிதர்களாகப் படுத்தோம்.

பன்னிரண்டாம் நாளளவில் ஒரு கிழவர். காலாவதித் திகதி ஒரே ஒரு நாளால் தவறியிருந்தது. ஏற்கெனவே இரண்டு பிழை போய்விட்டது. மகனுக்குக் காய்ச்சல், மருந்துக்குக் காசு வேண்டும், நேரமோ மாலை ஐந்தரை. விதி வாசிப்பவர்தான் கண்டுபிடித்தார்: 'திகதி! திகதி!' சிவப்பு. எச்சரிக்கைத் துண்டு வரவில்லை. சரியாகப் பிடித்துவிட்டோம். மூவரும் கை தட்டினோம்.

கை தட்டின சத்தம் அடங்கியபோது குசினிப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நாலாவது ஆள் தன்னுடைய கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கே 'டுல்டுங்'. பொறுத்துக்கொள்ளப்படுகிறார் என்று பொருள். அனுமதியும் அல்ல, மறுப்பும் அல்ல; நாடு கடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சில மாதங்களுக்கொருமுறை அந்தத் திகதி நீளும். திகதி நெருங்கும் கிழமையில் அவர் சமைப்பதில்லை. 'நீங்களும் வாங்கோ அண்ணை' என்று முதல்நாள் கூப்பிட்டபோது, 'உதை நான் விளையாடி முடிச்சிட்டன் தம்பியவை' என்று சொல்லியிருந்தார். அன்றிரவு மேற்கொண்டு நாங்கள் விளையாடவில்லை.

இந்த விளையாட்டின் திறமை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். அது 'அதிகாரி கொடியவன்' என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சுலபம், எங்கள் கவிதைகளில் பாதி அதைத்தான் சொல்கின்றன. 'அதிகாரியும் மனிதன்தானே' என்று தடவிக் கொடுக்கவும் இல்லை. அது ஆளுக்கு ஐந்து காசு என்கிறது. மணிக்கூட்டைக் காட்டுகிறது. மகனுக்குக் காய்ச்சல் என்கிறது. கருணைக்கு ஒரு நாளைக்கு இரண்டு என்று பங்கீட்டு அட்டை தருகிறது. மீதியை விளையாடுகிறவர்களே செய்து முடிக்கிறார்கள், கை தட்டிக்கொண்டு. கலென்ஸ்க் என்ற காவலன் வந்து மெதுவாக ஒரு பேரம் பேசுவான்: தடுத்து வைக்க அனுப்பும் ஆட்களுக்குத் தனக்கு மேல்காசு கிடைக்கிறது, உனக்கும் பங்கு தருகிறேன். திருப்பி அனுப்பினாலும் போதுமான ஆளை மறியலுக்கு அனுப்பினால் மாமிக்கு மருந்து வாங்கலாம். அந்தப் பேரத்தை நாங்கள் ஏற்றோமா என்று கேட்காதீர்கள்.

எங்களை விசாரித்த உத்தியோகத்தர்களின் முகங்களை அதற்குப் பிறகு நினைத்துப் பார்த்தோம். ஒருவருடைய உத்தியோகத்தர் விசாரணையின் நடுவில் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். பல வருடமாக அதை அலட்சியம் என்று நினைத்து வைத்திருந்தவருக்கு, அந்த ஆளுக்கும் ஐந்தரை மணி இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றுவதால் கோபம் குறையவில்லை. கோபம் அந்த ஆளை விட்டு மணிக்கூட்டுக்குப் போயிருக்கிறது, அதைக் கட்டினவர்களுக்குப் போயிருக்கிறது.

பிந்திய நாட்களில் அகதி அந்தஸ்துக் கடதாசி என்றொன்று வரும். அதிலும் விரலடையாளம், அதிலும் காலாவதித் திகதி. அகதிக்குத் திகதி போடும் வழக்கத்தை எங்கே பார்த்துப் படித்தார் என்று வியந்தோம். விரலடையாளமும் அப்படித்தான். ஐரோப்பாவில் 'யூரோடக்' என்ற பொதுப் பதிவு 2003 முதல் இயங்குகிறது. இத்தாலியில் ஒருமுறை விரல் வைத்தால் லைப்சிக்கில் விரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். விளையாட்டில் விரலடையாளத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பொத்தானை அமத்தும்போது எங்களில் ஒருவர் எப்போதும் போனை மற்றவரிடம் கொடுத்துவிடுவார்.

சிரிக்கவும் இடமிருக்கிறது. ஜோர்ஜி என்ற கிழவன், கையால் கீறிய பாஸ்போட்டோடு வருவான். நாடு கோப்ராஸ்தான், அப்படியொரு நாடே இல்லை. மறுத்தால் கோபமே வராது, மறுபடியும் வருவான், மறுபடியும் வருவான். எங்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். பாரிசில் ஒருவர், சூரிச்சில் ஒருவர், எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார்.

குசினி ஜேர்மன்காரருக்குப் போனைக் காட்டினோம். கூண்டையும் முத்திரையையும் பார்த்துவிட்டு, 'நிறம் சரி' என்றார். அந்த மண்ணிறமும் சாம்பலும். இந்நகரத்து வட்ட வீதியில் பழைய இரகசியப் பொலிஸ் தலைமையகம் இன்று அருங்காட்சியகம். அங்கே கடிதத்தை ஆவியால் திறக்கும் இயந்திரமும் போலி முத்திரை செய்யும் கருவிகளும் வைத்திருக்கிறார்கள். 1989 ஒக்ரோபர் 9 இல் எழுபதாயிரம் பேர் அதைக் கடந்து நடந்தார்கள், அவரும் ஒருவர். அவருடைய அண்ணன் நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்து மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்தாராம். 'என்ன காரணம் சொன்னார்கள்?' என்று கேட்டோம். 'காரணமா?' என்று விட்டு வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார்.

இதே சூட்டில் 'திஸ் வார் ஒஃப் மைன்' என்பதையும் விளையாடினோம். போலந்துக்காரர் 2014 இல் செய்தது. முற்றுகையிடப்பட்ட நகரத்தில் ஒரு இடிந்த வீடு, அதற்குள் சாதாரண சனங்கள். சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தார்கள். போலந்து அரசு 2020 இல் அதைப் பள்ளிக்கூட வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. எங்கள் பாடசாலைப் பட்டியல்கள் இருக்கும் நிலையில் இது எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி. அதில் புரூனோ என்று ஒரு சமையல்காரர் உண்டு, மற்றவர்களைவிடக் குறைந்த விறகில் சமைப்பார். எங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மழைநீர் பிடிப்பது, சிகரெட்டைக் கொடுத்து மருந்து வாங்குவது, இரவில் ஒருவர் மட்டும் வெளியே போய்ப் பொறுக்கி வருவது, வயோதிபத் தம்பதியின் வீட்டில் திருடிவிட்டு வந்தால் அதன்பின் ஆளுக்குச் சோறு இறங்காமல் போவது எல்லாம் சரிதான். கண்ணியமான வேலை.

ஆயினும் அதில் எங்களுக்குக் குறையொன்று உண்டு. இது ஏன் நடக்கும் யுத்தம் என்பது அதில் இல்லை. அரசபடை உண்டு, கிளர்ச்சியாளர் உண்டு, அவ்வளவுதான். எந்த நாட்டுக்காரனும் தன் யுத்தமாக நினைக்கலாம் என்பதற்காகக் காரணத்தைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் முற்றுகைக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும், பசியைப்போலவே காரணமும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒரே பாயில் படுத்த அண்ணனும் தம்பியும் அதற்காகப் பேசாமல் இருப்பார்கள். ஒரு வீட்டில் பிள்ளையைக் கேட்டு ஆள் வருவார்கள், மறு வீட்டில் பிள்ளையே எழும்பிப் போய்விடும். அரிசி முடிந்துபோன நாளிலும் நாங்கள் அரசியல்தான் கதைத்தோம். அந்தச் சத்தம் இல்லாத இடிந்த வீடு எங்களுக்கு விளங்காத அமைதியாக இருந்தது.

'பேப்பர்ஸ், பிளீஸ்' விளையாட்டுக்குத் திரும்புவோம். அதற்கு இருபது முடிவுகள் உண்டு. அவற்றில் ஒன்று, உத்தியோகத்தரே தப்பி ஓடுவது. வரிசையில் வந்தவர்களிடம் பறித்துவைத்த ஒப்ரிஸ்தான் நாட்டுப் பாஸ்போட்டுகளைக் கள்ளமாக மாற்றி, ரயில் காசு கட்டி, குடும்பத்தோடு எல்லை கடப்பது. எத்தனை பாஸ்போட் கையில் இருக்கிறதோ, எவ்வளவு காசு இருக்கிறதோ, அத்தனை பேர்தான் போகலாம். எங்களிடம் எல்லோருக்கும் போதவில்லை. யாரை விடுவது?

விளையாட்டு இதை உத்தியோகத்தரிடம், அதாவது போகிறவனிடம் கேட்கிறது. இங்கேதான் அது எங்களை விட்டு விலகுகிறது என்று நினைக்கிறோம். எங்கள் மூவருடைய வீட்டிலும் இதே கணக்குப் போடப்பட்டது. ஏஜென்சிக்காரன் சொன்ன தொகை, வீட்டில் இருந்த நகை, ஈட்டுக்குப் போன காணி. ஒரு ஆளுக்குத்தான் போதும். ஆனால் அந்தக் கணக்கைப் போகிறவன் போடவில்லை. நிற்கிறவர்கள் போட்டார்கள். அம்மா தன் பெயரை முதலில் வெட்டினார், பிறகு அக்கா தன் பெயரை வெட்டினார். இன்னொரு வீட்டில், மூத்தவனுக்குக் கால் இல்லை, அவன் தானாகவே 'தம்பி போகட்டும்' என்றான். போகிறவனுக்குச் செய்தியாகத்தான் சொன்னார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, கைகழுவும்போது. விளையாட்டில் மாமியும் மாமாவும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நலம், பசி, சுகயீனம் என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல், அவ்வளவுதான். முப்பத்தொரு நாளும் அவர்களுக்காகத்தான் முத்திரை குத்துகிறோம், அவர்கள் குரலை ஒரு முறையும் கேட்பதில்லை.

இன்னொன்று. எல்லை கடந்ததும் விளையாட்டு முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அங்கேதான் தொடங்கியது: ஹைம், விசாரணை, மொழி வகுப்பு, வேலை அனுமதி, ஈட்டிலிருந்து காணியை மீட்கும் கணக்கு. ஒப்ரிஸ்தானில் அந்த மனிதன் என்ன வேலை செய்கிறான், கோப்பை கழுவுகிறானா, மனைவிக்கு அந்த நாட்டு மொழி வந்ததா, விட்டுவிட்டு வந்த மாமி போனில் என்ன கேட்கிறாள்? இதை லூக்காஸ் போப்பிடம் கேட்க எங்களுக்கு உரிமையில்லை, அவர் மேசையின் கதையைச் சொல்ல வந்தவர், அதைச் சரியாகச் சொன்னார். மேசைக்கு இந்தப் பக்கத்துக் கதையை எங்கள் பெடியள் எவராவது செய்யவேண்டும். கொம்பியூட்டர் படித்த எங்கள் பிள்ளைகள் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நாங்கள் சலாட் மேசையில் இருந்தபடியே கதையைச் சொல்லித் தருகிறோம்.

எங்களில் இருவர் மாமியை விட்டுவிட்டு ஒப்ரிஸ்தானுக்குப் போனார்கள். கணக்குப் பார்ப்பவர் போகவில்லை, அந்த முடிவையே தொடவில்லை. வேறு முடிவொன்றில் அவர் மறியலுக்குப் போனார்.

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு நாலாவது ஆள் வந்து பக்கத்தில் இருந்தார். திகதி நீட்டிக் கொடுத்திருந்தார்கள், ஆறு மாதம். கோழிக்கறி வைத்திருந்தார். 'கொண்டா பாப்பம்' என்று போனை வாங்கினார். விதிப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒலிபெருக்கியை அமத்தினார், ஒரு ஆள் வந்தது, பச்சை. அடுத்தது, பச்சை. பாஸ்போட் இல்லாத ஆளுக்கு எதிலே குத்துவது என்று எங்களைக் கேட்டார், சொன்னோம். படம் மாறினவன், பெயர் மாறினவன், திகதி போனவன், ஜோர்ஜி, எல்லோருக்கும் பச்சை. எச்சரிக்கைத் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அவர் அவற்றை ஒரு விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். வரிசை அவ்வளவு வேகமாகக் குறைந்ததை நாங்கள் கண்டதில்லை.

ஆறு மணி அடித்தது. கணக்குத் திரை வந்தது. தண்டம் போக எதுவும் மிஞ்சவில்லை. சாப்பாடில்லை, வெப்பமில்லை. மனைவி பசி, மகன் பசி, மாமி சுகயீனம். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

'மனிசிக்கு என்ன பதில் சொல்லுவானோ தெரியேல்லை' என்றார். பிறகு கறியைச் சூடாக்க எழும்பிப் போனார்.